முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று

களவு போன எஞ்சின் திரும்பக் கிடைத்துவிட்டது என்று பொலிஸ் புத்தகம் சொன்னது. கிடைக்கவில்லை என்று எஞ்சினின் சொந்தக்காரி சொன்னாள். நான் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்து முத்தான எழுத்து. இந்த எழுத்தை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். "எல்லாரும் றிஷ்னாட கொப்பியப் பாருங்க, ஃபாஹிமாட கொப்பியையும் பாருங்க, வித்தியாசம் விளங்கும்" என்று டீச்சர் வகுப்பு முழுக்கச் சுற்றிக் காட்டிய எழுத்து. வீட்டில் உம்மாவும் அதையேதான் பாடினார். றிஷ்னாவைப் பார், றிஷ்னாவைப் பார். பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

"எழுத்தயே பாத்துக்கொண்டிரிக்காம விசயத்த வாசி" என்றார் மர்ளியா ராத்தா.

புத்தளம் நகரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். 'எங்கள்' என்பது என் வாயில் மட்டும்தான், பலகையில் ராத்தாவின் பெயர்தான் இருக்கிறது. பதினாறு வருடம் பொலிஸில் இருந்து, சார்ஜன்டாக விலகி வந்து துப்பறிகிறவர். நான் ஓட்டோ ஓட்டுவேன், தேநீர் ஊற்றுவேன், ராத்தா பேசாமல் இருக்கிற இடங்களில் பேசுவேன். நானும் பொலிஸில் சேரப் போனவள்தான். உயரம் அளக்கிற இடத்தில் ஓரங்குலம் குறைந்துபோனேன். எனக்கு அடுத்ததாக நின்ற றிஷ்னா குறையவில்லை. இப்போது அவள் கண்டல்முனைப் பொலிஸ் நிலையத்தில் கான்ஸ்டபிள். தொப்பிக்குக் கீழே ஒரு முடிகூடக் கலையாமல் வீதியில் நிற்பாள். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து அழகுபடுத்த மாட்டேன்.

அந்த றிஷ்னாவின் எழுத்தில் மூன்று முறைப்பாடுகள் போட்டோக்கொப்பியாக அன்று காலை தபாலில் வந்திருந்தன. அனுப்பியவர் பெயர் இல்லை. உறையின் மேல் கணினியில் அச்சடித்து ஒட்டிய விலாசம்: 'துப்பறிவாளரின் உதவியாளருக்கு.' என் பெயருக்கு வராவிட்டாலும் என் பதவிக்கு வந்த முதல் கடிதம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

முதலாவது முறைப்பாட்டுக்காரர் உடப்பு ஊர் வீரகத்தி. அவரை வரச்சொல்லி ராத்தா ஃபோன் எடுத்தார். வந்தது அவருடைய மனைவி தவமலர்.

"வள்ளத்து எஞ்சின் ஜூலையில களவு போச்சு அக்கா" என்றாள் தவமலர், கதிரையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு. "மூணு தரம் பொலிஸுக்குப் போனோம். ஒரு துண்டுல பேர எழுதிக்கிட்டு பிறகு வாங்க எண்டாங்க. இப்ப கடற்றொழில் கந்தோர்ல கேட்டா, எஞ்சின் ஒங்ககிட்டக் குடுத்தாச்சு எண்டு பொலிஸ்ல இருக்கே எண்டு சொல்றாங்க."

"கட்டிலுக்குக் கீழ நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடினேன்.

"களவு எண்டு புத்தகத்துல இருந்தா, அது கிடைக்கிற வரைக்கும் வேற எஞ்சின் ஒண்டு பாவிக்கத் தருவாங்களாம். கிடைச்சிட்டு எண்டு இருந்தா எப்பிடித் தருவாங்க? அவருக்கு மனசு விட்டுப்போச்சு. கொழும்புல கட்டட வேலைக்குப் போறதுக்குப் பெட்டி கட்டி வச்சிருக்கார். நாளைக் காலையில பஸ்." தவமலர் குரல் உடையவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "கடல விட்டா அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது அக்கா."

ராத்தா எழுந்து கைப்பையை எடுத்தார். "இண்டைக்கு மூணு மணிக்குக் கண்டல்முனைப் பொலிஸ்ல கூட்டம். மாவட்டத்திலேயே திறமான பொலிஸ் எண்டு எஸ்.பி. வந்து கேடயம் குடுக்கப் போறார். வருசம் முழுக்க முப்பத்தொரு களவு முறைப்பாடு, முப்பத்தொண்டும் தீர்ந்தாச்சாம். கூட்டத்தில சனம் கேள்வி கேக்கலாம் எண்டு நோட்டீஸ்ல போட்டிரிக்கு."

"யாரும் கேக்க மாட்டாங்க எண்ட நம்பிக்கையில போட்டிரிப்பாங்க" என்றேன்.

"நாம கேப்பம். ஓட்டோவ எடு."

உடப்புக் கரையில் வீரகத்தியின் வள்ளம் மணலில் ஏறி நின்றது. எஞ்சின் பூட்டுகிற பலகையில் காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. வீரகத்தி ஆறடி உயரம், பேச்சு அரையடி. ராத்தா போட்டோக்கொப்பியை அவருக்கு வாசித்துக் காட்டினார்: ஆகஸ்ட் எட்டாம் திகதி காலை கடலுக்குப் போய்த் திரும்பி, வள்ளத்தை ஏற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நேரம் எஞ்சின் களவு போனது. அன்றே பொலிஸ் கண்டுபிடித்தது. மாலை 5.30க்கு நிலையத்தில் உரியவர் பெற்றுக்கொண்டார்.

"காலைல களவு, மாலைல கையில" என்றேன். "பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனாக்கூட இவ்வளவு கெதியாக் கிடைக்காது."

வீரகத்தி சிரித்தார். அவர் சிரித்ததைக் கேட்டுத் தவமலரே திரும்பிப் பார்த்தாள்.

"எட்டாம் திகதியா? அண்டைக்குத் தீமிதிப்பு. ஊர்ல ஒரு வள்ளம் எறங்காது. நான் காப்புக் கட்டி விரதம். காலையில கடலுக்குப் போய், சாயந்தரம் தீக்குள்ள எறங்கினேன் எண்டு எழுதி வச்சிருக்காங்களா?"

எனக்கு உள்ளுக்குள் நிலாச்சோறு சாப்பிட்ட மாதிரி இருந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய றிஷ்னா! பொய் எழுதுவதற்குக்கூடப் பொருத்தமான நாள் பார்க்கத் தெரியவில்லை!

ஓட்டோவில் ஏறியதும் ராத்தா கேட்டார். "றிஷ்னா எந்த ஊர்?"

"எத்தாளை. வாப்பா மீன் பிடிக்கிறவர்."

"அப்ப உடப்புத் தீமிதிப்பு எப்ப எண்டு தெரிஞ்சிரிக்குமே. அண்டைக்குக் கடல்ல ஆள் இல்ல எண்டு இந்தக் கரை முழுக்கத் தெரியும்."

"தொப்பி போட்டா மறந்து போகும் ராத்தா. மூளைக்குக் காத்து வராது."

ராத்தா சிரிக்கவில்லை. நான் நல்ல நகைச்சுவை சொல்லும்போது அவர் ஒருநாளும் சிரிப்பதில்லை.

இரண்டாவது முறைப்பாட்டுக்காரர் கண்டல்முனை அன்ஸார் நானா. பொலிஸ் நிலையத்திலிருந்து இரண்டு வீதி தள்ளி, வீட்டு வாசலில் நண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு அவர் களப்பில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, கரையில் வைத்திருந்த மற்ற வலையை யாரோ எடுத்துப் போனதாகப் புத்தகத்தில் இருந்தது.

"ஜும்ஆ நேரத்திலயா?" நானா வலை ஊசியைக் கீழே போட்டார். "அந்த நேரம் நான் பள்ளியில முதல் வரிசையில நிக்கிறவன். ஊர் முழுக்க சாட்சி. வலை போனது ஒரு செவ்வாய்க்கிழமை, அதுவும் வீட்டு மதில்ல காயப்போட்ட வலை. யார் இந்தக் கதைய எழுதினது?"

"முத்து எழுத்துக்காரி ஒருத்தி" என்றேன்.

"நீ சும்மா இரி" என்றார் ராத்தா.

மூன்றாவது, சுலக்ஷனா. உப்பளத்தில் வேலை செய்கிறவள். நவம்பர் இருபதாம் திகதி உப்பு வாரிக்கொண்டிருந்த நேரம் வரம்பில் நிறுத்தியிருந்த சைக்கிள் களவு போனது என்று எழுதியிருந்தது. சுலக்ஷனா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நவம்பர்ல பாத்தி எல்லாம் மழைத் தண்ணி. உப்பு வாருறதா? மீன் வேணுமெண்டா புடிக்கலாம். சைக்கிள் போனது செப்டம்பர்ல, சந்தையில." பிறகு எங்கள் ஓட்டோவைப் பார்த்து, "ரெண்டு மைல் நடந்துதான் வேலைக்கு வாறன். சைக்கிள் கிடைச்சிட்டு எண்டா அத யார் ஓடுறா?" என்று கேட்டாள்.

கூட்டத்துக்கு வரும்படி ராத்தா சொன்னார்.

மூன்றுக்கு மூன்று பிழை. றிஷ்னாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூச்சியம். ஓட்டோவை ஓட்டிக்கொண்டே நான் விசிலடித்தேன்.

"ஒனக்கு ஒண்டும் உறுத்தலயா?" என்று பின்னாலிருந்து ராத்தா கேட்டார். "மூணு பிழை. மூணும் எங்கட ஆக்களுக்கு மட்டும் விளங்குற பிழை. கண்டிப் பக்கமிருந்து வந்த நிலையப் பொறுப்பதிகாரி, அந்த ஓ.ஐ.சி.க்குத் தமிழே வாசிக்கத் தெரியாது."

"அதான் இவள் இஷ்டத்துக்கு எழுதியிரிக்கிறாள்."

"பக்கத்த முழுசாப் பாத்தியா?"

"பாத்தன்."

பொய். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே சிங்களத்தில் இரண்டு வரி கிறுக்கலாக இருந்தது. மேலே றிஷ்னாவின் எழுத்து இருக்கும்போது கீழே யார் பார்ப்பார்கள்?

"கூட்டத்தில நான் மட்டும் கதைக்கிறன்" என்றார் ராத்தா. "நீ யார்ட பேரையும் சொல்லாத. விளங்குதா?"

"ஓம் ராத்தா."

அதுவும் பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

நிலையத்து முற்றத்தில் கூடாரம் போட்டுப் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். '31க்கு 31' என்று பெரிய பதாகை. மேசையில் மஞ்சள் துணியால் மூடிய கேடயம். பக்கத்தில் எஸ்.பி., மெலிந்த மனிதர். அவருக்குப் பக்கத்தில் பொறுப்பதிகாரி, அதுதான் ஓ.ஐ.சி., இஸ்திரி போட்ட சீருடையும் இஸ்திரி போட்ட சிரிப்புமாக. றிஷ்னா கூடாரத்தின் ஓரத்தில் நின்றாள். சீருடை அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

சனத்துக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று மேடையில் கேட்டார்கள். கேட்ட கையோடு மைக்கை எடுத்துப் போகவும் பார்த்தார்கள். ராத்தா எழுந்து நின்றார்.

அவர் சத்தம் போடவில்லை. சிங்களத்தில், பொலிஸ்காரர் பேசுகிற ஒழுங்கில், மூன்று முறைப்பாட்டையும் சொன்னார். தவமலரும் வீரகத்தியும் எழுந்தார்கள். அன்ஸார் நானா எழுந்தார். உப்பு வெளுத்த பாவாடையோடு சுலக்ஷனா எழுந்தாள். "புத்தகத்தில் இந்த மூவருக்கும் பொருள் கொடுத்தாயிற்று. எங்கள் கேள்வி ஒன்றுதான். அந்தப் பொருள்கள் எங்கே?"

எஸ்.பி. திரும்பி ஓ.ஐ.சி.யைப் பார்த்தார். ஓ.ஐ.சி.யின் சிரிப்பு கசங்கியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் வியர்த்தே கரைந்திருப்பார்.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் கெடுத்தேன்.

"எழுதினது றிஷ்னா!" என்று கதிரையில் ஏறி நின்று கத்தினேன். ஓரங்குலம் குறைந்தவளுக்குக் கதிரை வேண்டியிருந்தது. "எல்லாப் பொய்யும் அவள்ட எழுத்து! எனக்கு நல்லாத் தெரியும்!"

ராத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

ஓ.ஐ.சி.க்குப் போன உயிர் திரும்பி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "சேர், எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றார் எஸ்.பி.யிடம், நெஞ்சில் கை வைத்து. "இந்தப் பிள்ளையை நம்பி விட்டிருந்தேன். என்னை ஏமாற்றியிருக்கிறாள். இப்போதே வேலையிலிருந்து நிறுத்துகிறேன்."

றிஷ்னா முன்னால் வந்தாள். "ஓம் சேர். எழுத்து என்ட."

பதினெட்டு வருடமாக நான் காத்திருந்த நேரம் அது. எல்லாருக்கும் முன்னால் றிஷ்னா தலை குனிகிற நேரம். ஆனால் அவள் தலை குனியவில்லை. என்னையே பார்த்தாள். கோபமும் இல்லை அந்தப் பார்வையில். பரீட்சை மண்டபத்தில் 'அடுத்த பக்கத்தைத் திருப்பு' என்று கண்ணால் காட்டுகிற மாதிரி ஒரு பார்வை. என் வாயில் இனிக்க வேண்டியது கசந்தது.

எஸ்.பி. முறைப்பாட்டுப் புத்தகத்தைக் கேட்டார். றிஷ்னாவே ஓடிப் போய்க் கொண்டுவந்தாள். குற்றம் சொன்னவள் நான் என்பதால், சனத்துக்கு விளங்க வாசிக்கும்படி எஸ்.பி. அதை என் கையில் கொடுத்தார்.

வாசித்தேன். நோன்பு மாதத்தில், பகல் ஒரு மணிக்கு, சாப்பாட்டுக் கடையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த, பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாரின் குடை களவு. இறைச்சிக்கடை பூட்டிக் கிடக்கிற போயா தினத்தில் அந்தக் கடை வரிசையில் நின்றவரின் கைத்தொலைபேசி களவு. பெருநாள் காலையில், தொழுகை நேரத்தில், தையல் கடையில் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தவரின் செருப்பு களவு. முதலில் யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். பிறகு கூடாரம் முழுக்கச் சிரித்தது. மோதினாரே எழுந்து நின்று, "பிரியாணியா? நானா?" என்று கத்தினார்.

ஒன்பதாவதை வாசிக்கும்போது பாதியில் நிறுத்தினேன்.

ஒரு பிழை என்றால் மடத்தனம். முப்பத்தொரு பிழையை, ஒன்றுகூடத் தப்பாமல், ஒரே முத்து எழுத்தில் எழுதினால் அது கடிதம். எத்தாளை மீன்பிடிக்காரரின் மகள் வருடம் முழுக்க எழுதிய கடிதம். இந்த ஊரைத் தெரிந்த யாராவது ஒருவர் வாசித்தால் போதும் என்று எழுதியது. யாருமே வாசிக்கவில்லை. கடைசியில் மூன்று பக்கத்தைப் பிரதி எடுத்து ஓர் உதவியாளருக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த உதவியாளர் கதிரையில் ஏறி நின்று அவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

ராத்தா என் பக்கத்தில் வந்து நின்றார். காதோடு சொன்னார். "இப்பவாவது பக்கத்த முழுசாப் பாரு."

வீரகத்தியின் பக்கத்துக்குத் திரும்பினேன். கீழே பார்த்தேன். சிங்களத்தில் இரண்டு வரி, வேறு எழுத்து. சத்தமாக வாசித்தேன்.

"'2025 ஆகஸ்ட் 8, மாலை 5.30க்கு, இந்நிலையத்தில், எஞ்சினை என் கையால் உரியவரிடம் கொடுத்தேன்.' கீழே பொறுப்பதிகாரியின் கையெழுத்து." பக்கங்களைப் புரட்டினேன். முப்பத்தொரு பக்கத்திலும் அதே எழுத்து, அதே கையெழுத்து. எஸ்.பி.யின் பக்கம் திரும்பினேன். "சேர், இவருக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனா திகதியும் நேரமும் இலக்கத்தில இரிக்கு. மேல இருந்த இலக்கத்தப் பாத்துக் கீழ எழுதியிரிக்கிறார். கொடுத்தேன் எண்டு எழுதினது றிஷ்னா இல்ல, இவர். தன்ட பாஷையில, தன்ட கையால."

"கொடுத்தேன்தான்!" என்றார் ஓ.ஐ.சி. "எனக்கு நல்ல நினைவு! இந்த நிலையத்தில், இந்த முற்றத்தில்தான் கொடுத்தேன்!"

தவமலர் கைத்தொலைபேசியோடு முன்னால் நடந்து வந்தாள். அவசரப்படவே இல்லை. அதில் ஒரு போட்டோ. தீக்குழியில் இருந்து ஏறி வந்த வீரகத்தி, மஞ்சள் வேட்டியும் சாம்பல் காலுமாக. அவர் பக்கத்தில், கோயில்காரர் போட்ட பொன்னாடையோடு, பிரதம விருந்தினராகச் சிரித்துக்கொண்டு நின்றவர் கண்டல்முனை ஓ.ஐ.சி. போட்டோ எடுத்த நாள் ஆகஸ்ட் எட்டு. நேரம் ஐந்து முப்பத்திரண்டு.

"அந்த நேரம் ஐயாதான் என்ட தோள்ல தட்டினார்" என்றார் வீரகத்தி. "எஞ்சின எந்தக் கையால குடுத்தார் எண்டு கேளுங்க."

எஸ்.பி. அந்தப் போட்டோவைப் பார்த்தார். பிறகு கேடயத்தை மஞ்சள் துணியோடு சேர்த்துத் தூக்கித் தன் சாரதியிடம் கொடுத்து ஜீப்பில் வைக்கச் சொன்னார். முப்பத்தொரு முறைப்பாடும் இன்றே திரும்பத் திறக்கப்பட வேண்டும் என்றார். ஓ.ஐ.சி.யை உள்ளே வரச்சொல்லி முன்னால் நடந்தார். போகும்போது றிஷ்னாவிடம், "உன்னையும் விசாரிப்போம்" என்றார். "தெரியும் சேர்" என்றாள் அவள்.

சனம் கலைந்த பிறகு தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். முடி கலைந்திருந்தது. முதல் தடவையாக.

"மன்னிச்சிரு" என்றேன். அந்தச் சொல் எனக்கு லேசில் வருவதில்லை. "விசாரணைக்கு நான் சாட்சிக்கு வாறன். ஆனா ஒண்டு சொல்லு. எங்கட ராத்தாக்கு அனுப்பாம எனக்கு ஏன் அனுப்பின? நான் ஒன்னக் காட்டிக்குடுப்பன் எண்டு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்." றிஷ்னா சிரித்தாள். "தீர்ந்த மாதிரி எழுது எண்டு ஓ.ஐ.சி. சொன்னார், நான் பிழைய வச்சு எழுதினன். ஆறு மாசத்துக்கு ஒருக்கா மேலதிகாரி ஒராள் வந்து புத்தகத்தப் பாப்பார். வடிவான எழுத்து எண்டு சொல்லிட்டு மூடி வைப்பார். என்ட எழுத்தப் பாத்தா எல்லாரும் அப்பிடித்தான். ஆறாம் வகுப்பிலேருந்து அதுல பிழை தேடுற ஆள் இந்த ஒலகத்தில நீ ஒருத்திதான், ஃபாஹிமா. உன்ன விட்டா எனக்கு ஆள் இல்ல."

அவள் தொப்பியை வாங்கித் தூசி தட்டிக் கொடுத்தேன்.

அனுப்பியது றிஷ்னாதான் என்று ராத்தாவுக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. 'உதவியாளருக்கு' என்ற ஒரு சொல்லிலேயே. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?" என்றார்.

உள்ளே வீரகத்தியும் தவமலரும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். றிஷ்னா தொப்பியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தில் புதிய பக்கத்தைத் திருப்பி எழுதினாள். களவு போனது ஜூலை மாதம், இன்ன நாள், இன்ன இடம். பொருள் இதுவரை கிடைக்கவில்லை. எஞ்சின் இன்னும் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்குத்தான் அது புத்தகத்தில் உண்மையாகத் தொலைந்தது. முறைப்பாட்டின் பிரதியைத் தவமலர் நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். நாளைக் காலை பஸ்ஸில் வீரகத்தி போகப்போவது கொழும்புக்கு அல்ல, கடற்றொழில் கந்தோருக்கு.

அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், றிஷ்னா புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "பாரு."

மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இந்தத் தடவை கடைசி வரியையும் பார்த்தேன். திகதி சரி, நேரம் சரி, எழுத்து முத்து முத்தாக. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பிழைகூட இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.